அரசுத் தரப்பு சாட்சி எண் 1

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், எங்கள் பகுதி நீதிமன்றம் ஒன்றின் வளாகத்தில், வேப்ப மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திண்ணையில் என் பழைய மாணவி ஒருத்தியோடு காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இளங்கலைத் தமிழ் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தாள். அவளுடைய அம்மாவுக்கும் அதே வேலை. பாட்டி டேனரியில் தோல் காயவைத்தவர். மூன்று தலைமுறையாகத் தோல்தான் அந்த வீட்டுக்குச் சோறு. கம்பெனிப் பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து வீடு வரைக்கும் ஒருவன் நான்கு மாதம் அவளைப் பின்தொடர்ந்தான். ஒரு நாள் மாலை கையைப் பிடித்து இழுத்துச் சுவரோடு தள்ளினான். அவள் கத்தினாள். மறுநாள் புகார் கொடுத்தாள். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், அவனைப் பிடித்தார்கள், அவன் ஜாமீனில் வந்தான். ஜாமீன் கிடைத்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் அவன் நின்று டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கு அவள் கையில் சம்மன் இருந்தது. அதில் அவள் பெயருக்கு நேரே 'அ.சா.1' என்று இருந்தது. அரசுத் தரப்பு சாட்சி எண் 1.

"கேஸ் என்னோடதுதானே மேடம்? என்னை எதுக்கு சாட்சின்னு எழுதியிருக்காங்க?"

குற்றம் என்பது தனி ஆளுக்கு எதிரானது மட்டும் அல்ல, சமூகத்துக்கே எதிரானது, அதனால்தான் அரசு வழக்கு நடத்துகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வகுப்பில் கேள்வி கேட்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள்.

"அவன் அரசாங்கத்தோட கையையா புடிச்சி இழுத்தான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த பின்னும் அந்தக் கேள்வி போகவில்லை. நான் சட்டம் படித்தவள் அல்ல, தமிழ் படித்தவள். ஆனாலும் தன் வழக்கில் தானே வெறும் சாட்சியாக ஒரு பெண் எப்போது ஆனாள், அதிலிருந்து அவள் எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறாள் என்ற வரலாற்றைத் தேடிப் போகாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன், எனக்குப் பழக்கமான இடம் அது. 'பாதிக்கப்பட்டவர்' என்கிறோம். செயப்பாட்டு வினையிலிருந்து பிறந்த பெயர். வாக்கியத்தில் யாரோ ஒருவர் செய்ய, இவர் படுகிறார். 'பலியானவர்' என்றால் கதை முடிந்தே விட்டது. பெண்ணிய இயக்கத்தில் 'மீண்டெழுந்தவர்' என்று எழுதுகிறோம். அது நம் மேடையில் செல்லும், கோர்ட்டுக் கட்டில் செல்லாது. ஆனால் தமிழில் 'வழக்குரைத்தல்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் இருபதாம் காதைக்குப் பெயர் வழக்குரை காதை. ஆண்டுதோறும் அதை நடத்துகிறேன், கண்ணகியின் கோபத்தையும் சிலம்பையும் பரல்களையும் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இப்போதுதான் வேறொன்று உறைக்கிறது. அவள் அங்கே யாருக்கும் சாட்சியாகப் போகவில்லை. வாயிலில் நின்று, தான் யார் என்று அறிவிக்கச் சொல்லி, உள்ளே போய், தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கிறாள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவள் கொல்லப்பட்டவனின் மனைவி மட்டும் அல்ல. திருடன் என்று குற்றம் சாட்டப்பட்டு, விசாரணையே இல்லாமல் தண்டிக்கப்பட்டவனின் மனைவியும்கூட. பாதிக்கப்பட்டவளின் நியாயமும் குற்றம்சாட்டப்பட்டவனின் நியாயமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இதற்குப் பின்னால் திரும்பி வருவேன்.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்கள், அதிலும் சேரிப் பெண்கள், எந்த இடத்தில் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இன்றைய அமைப்பின் எலும்புக்கூடு ஆங்கிலேயர் காலத்தது. 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம், 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். பிறகு 1898-இல் ஒரு நடைமுறைச் சட்டம் வந்து அதுதான் எழுபத்தைந்து ஆண்டு நடந்தது. குற்றம் என்றால் முடியரசின் அமைதிக்கு ஏற்பட்ட ஊறு; ஆகவே வாதி அரசு. 1898 சட்டத்தின் 417-ஆம் பிரிவின்படி, குற்றவாளி விடுதலை ஆகிவிட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டுமே இருந்தது. அடிபட்டவளுக்கு இல்லை. தனியார் புகாரில் நடந்த வழக்கு என்றால் மட்டும், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு, புகார்தாரர் போகலாம் என்று 1955-இல் ஒரு சிறு கதவு திறந்தது. காவல்துறை நடத்திய வழக்குகளில் அதுவும் இல்லை. 1973-இல் சுதந்திர இந்தியா புது நடைமுறைச் சட்டம் போட்டபோதும் இந்த அடித்தளத்தைத் தொடவில்லை. அபராதத் தொகையிலிருந்து ஏதேனும் இழப்பீடு கொடுக்கலாம் என்று 357-ஆம் பிரிவு சொன்னது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

மதுராவின் கதை நம் வாசகிகளுக்குத் தெரிந்ததுதான். 1972-இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமிக்கு நடந்த கொடுமை. 1978-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீசாரையும் விடுதலை செய்தது. 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல். 1983-இல் சட்டத் திருத்தம். அந்தத் திருத்தத்தால் காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமாயிற்று, பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியதாயிற்று. ஆனால் வழக்கில் அவளுடைய இடம் மாறவில்லை. கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு இறங்கிப் போக வேண்டியவள்தான்.

எங்களுக்குப் பக்கத்தில் நடந்தது வாச்சாத்தி.

ஆம்பூரிலிருந்து திருப்பத்தூர், ஊத்தங்கரை வழியாக அரூர். அங்கிருந்து சித்தேரி மலையின் அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். எங்கள் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உறவினர்கள்தான் அங்கேயும் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். கட்டை எடுத்துத் தர வேண்டும் என்று பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு கோழிகளைத் தின்றார்கள், கிணறுகளைக் குடிக்க முடியாதபடி ஆக்கினார்கள். கிணற்றை நாசம் செய்வது என்றால் என்ன என்று தோல் பகுதிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்திக்குப் பதின்மூன்று வயது. அந்த ஜூன் மாதம் எனக்கும் பதின்மூன்று. பள்ளிக்கூடம் திறந்து, புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அந்தப் பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படவில்லை. அரூர் வன அலுவலகத்தில் வைக்கப்பட்டு, பிறகு சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சந்தனக் கடத்தல் வழக்கு. சிறைக்குப் போனவர்களில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். அரசின் ஏட்டில் அவர்கள் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் அல்ல, சாட்சிகள்கூட அல்ல, குற்றவாளிகள். தன் உடம்பில் நடந்ததைச் சொல்ல வாய் திறக்கும் முன்பே அந்த வாய் குற்றம்சாட்டப்பட்டவளின் வாயாகிவிட்டது. அதற்கு என்ன மதிப்பு?

ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் மூலம் செய்தி வெளியே கசிந்தது. மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்துக் கொடுத்த அறிக்கைதான் அந்தப் பெண்களின் சொல்லுக்குக் கிடைத்த முதல் அரசு முத்திரை. அந்த அறிக்கையை எழுதியவர் ஒரு பெண் என்பதை நம் வரலாற்றில் அழுத்தி எழுத வேண்டும். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; மீதி 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை.

அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மேலும் பன்னிரண்டு ஆண்டுகள். 2023 மார்ச்சில் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29, அதே தேதியில், எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

முப்பத்தோரு ஆண்டுகள். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு நாற்பத்து நான்கு. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. போய் என்ன கேட்பது என்று தெரியாமல் போகவில்லை. தீர்ப்பு வந்த அன்று தொலைக்காட்சியில் அந்தப் பெண்கள் கோர்ட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

இப்படி யோசித்துப் பாருங்கள். 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்திருந்தால்? 2009-க்கு முன் என்றால், அரசு மேல்முறையீடு செய்தால்தான் உண்டு. எதிரிகள் அரசு அலுவலர்கள். அரசுக்கு எதிராக அரசே மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று ஓர் ஊர் காத்துக் கிடக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த 2009-இல் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் ஒன்று 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டின் கடைசி நாள், யாரும் கவனிக்காத நாள். நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கே அன்றுதான் முதல்முறையாக வரையறை கிடைத்தது. நேரடியாக இழப்பு அடைந்தவர் மட்டும் அல்ல, அவருடைய காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் அதில் அடங்குவார்கள். (கண்ணகிக்கு இன்று இந்த வரையறை பொருந்தும்.) விடுதலையை எதிர்த்தும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் மேல்முறையீடு செய்யும் உரிமை வந்தது. அரசு இழப்பீட்டு நிதி அமைக்க வேண்டும் என்று 357-ஏ வந்தது. தமிழ்நாட்டுத் திட்டம் 2013-இல் வந்தது. ஐ.நா. பொதுச்சபை 1985 நவம்பரிலேயே இந்த உரிமைகளைப் பிரகடனம் செய்துவிட்டது. நமக்கு இருபத்து நான்கு ஆண்டு ஆயிற்று.

பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொரு செங்கல்லாக வைத்தன. மேல்முறையீட்டுக்கு முன்அனுமதி தேவையில்லை என்றது 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கு. விசாரணைத் தொடக்கத்திலிருந்து மேல்முறையீடு வரை, ஜாமீன் உட்பட, பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்றது 2022-இல் லக்கிம்பூர் கேரி விவசாயிகள் கொலை வழக்கின் உத்தரவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15-ஏ பிரிவு 2016 முதல் அமலில் இருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை ஒவ்வொன்றையும், ஜாமீன் மனுவையும், பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது அதில் உள்ளது. அது வெறும் சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு இந்திய சட்டம் கொடுத்திருக்கும் மிகப் பெரிய இடம் இந்த 15-ஏ தான், அது தலித் இயக்கங்களின் உழைப்பில் வந்தது. பெண்ணிய இயக்கம் இதிலிருந்து படிக்க வேண்டியது நிறைய.

என் மாணவி பட்டியல் சாதி. ஆனால் அவளை இழுத்தவனும் பட்டியல் சாதிதான், பக்கத்துத் தெரு. ஆகவே 15-ஏ அவளுக்கு உதவாது. பேக்கரி வாசலில் அவனைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே சமம், எங்கே இல்லை என்பதை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் நம் மாணவிகள் பலர் 'இப்போதுதான் எல்லா உரிமையும் வந்துவிட்டதே' என்று நினைக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 193-ஆம் பிரிவு, புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கோ புகார்தாரருக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. நல்ல பிரிவு. என் மாணவிக்கு அப்படி ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. 230-ஆம் பிரிவைப் பாருங்கள்: குற்றப்பத்திரிகையின் நகல் குற்றம்சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் தரப்பட வேண்டும், ஆனால் அவருக்கு வழக்கறிஞர் இருந்தால். அந்த 'இருந்தால்' என்ற ஒரு சொல்லில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். வழக்கறிஞர் இருந்தாலும் அவர் அரசு வழக்கறிஞருக்குத் துணைதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ தானே வாய்மொழியாக வாதாடவோ முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தண்டனை குறைவு என்று பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியாது என்று 2020-இல் இன்னொரு தீர்ப்பு. அரசு செய்யலாம்.

பிரான்சில் பாதிக்கப்பட்டவர் வழக்கில் ஒரு தரப்பாகவே சேரலாம். 2024-இல் அவிஞ்ஞோன் நகரில் ஜிசேல் பெலிக்கோ மூடிய அறை வேண்டாம் என்று சொல்லி, தன் வழக்கறிஞர்களோடு, செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை அந்த நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்திருந்தார். கணவர் உட்பட 51 ஆண்களுக்கும் தண்டனை. அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கண் போனது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மீது. இங்கே சாட்சி சொல்லும் முறை வரும்வரை அ.சா.1 அறைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

இனித் தோலுக்கு வருகிறேன். குற்றம், பாதிப்பு, இழப்பீடு என்ற மூன்று சொற்களையும் இந்தியாவுக்கே கற்றுக்கொடுத்த ஊர் எங்கள் ஊர். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உலகச் சட்டக் கல்லூரிகளில் பாடம்: மாசுபடுத்தியவர் விலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதன்பின் அமைக்கப்பட்ட சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் பாலாற்றுப் பகுதியில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்து ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் கணக்கிட்டது. ஆற்றையும் கிணற்றையும் மீட்கும் பொறுப்பு இன்னும் முடியவில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கு நிலத்தின் பரப்பை வைத்துப் போட்டது. பட்டா யார் பெயரில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? உப்புத் தண்ணீரில் நாற்று நட்டுக் கால் வெந்த பெண்ணுக்கு எந்தச் சர்வே எண்ணும் இல்லை. இருந்தும், பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போய்க் கண்டறிவது அரசின் கடமை என்ற எண்ணம் எங்கள் மண்ணில், நிலத்துக்காக, பெண் உடலுக்கு முன்பே வந்துவிட்டது என்பதை ஒரு வியப்போடுதான் பதிவு செய்கிறேன்.

டேனரியில் ஆண் செத்தால் வேறு கதை. கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவர்களைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் எந்தக் குடும்பத்துக்கும் ஒரு நினைவு இருக்கும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இப்படிப்பட்ட சாவுகளில் வாசலிலேயே ஒரு பேச்சு நடக்கும். பெரியவர்கள் வருவார்கள், தொகை சொல்வார்கள், வெள்ளைத் தாளில் மனைவியின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள், உடலை எடுத்துப் போகலாம். சமரசம். அதற்குப் பிறகு கவனக்குறைவால் மரணம் என்ற அந்த வழக்கு எங்கே போயிற்று, யார் சாட்சி சொன்னார், என்ன தீர்ப்பு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சட்டப்படி அவள்தான் பாதிக்கப்பட்டவர். வாரிசு என்ற முறையில் மேல்முறையீட்டு உரிமை அவளுக்கு உண்டு. தீர்ப்பு வந்ததே தெரியாதவள் எதை எதிர்த்துப் போவாள்? என் மாணவிகளில் தகப்பன் இப்படிப் போனவர்கள் உண்டு. வகுப்பில் ஒருமுறை கேட்டேன், அப்பா கேஸ் என்னாச்சு என்று. "அப்பவே முடிஞ்சுபோச்சு மேடம், பணம் குடுத்துட்டாங்களே" என்றாள் ஒருத்தி.

வேகமாக நடக்கவே நடக்காதா என்றால், நடக்கும். 2025 பிப்ரவரியில் ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடும் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தாக்கி வெளியே தள்ளிவிட்டான் ஒருவன். குழந்தை கருவிலேயே போயிற்று. அந்த ஜூலையிலேயே திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு. யாரும் பார்க்காத வழக்குகளுக்குத்தான் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குச் சம உரிமை என்று நான் மேடையில் பேசினால் கைதட்டுகிறவர்களில் சிலர், 'ஆமாம், இந்த அக்யூஸ்டுகளுக்கு எதற்கு வக்கீல், எதற்கு ஜாமீன்' என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எனக்குக் கைதட்டல் கசக்கிறது. 2015 ஜூனில் பள்ளிகொண்டா போலீசார் காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க அழைத்துப்போன ஆம்பூர் இளைஞர் ஒருவர், அடித்ததாகச் சொல்லப்பட்டு, சில நாளில் இறந்தார். ஆம்பூர் எரிந்தது. அந்தப் பெண்ணின் பெயரும் படமும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன; அவளிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வழக்கில் யார் பாதிக்கப்பட்டவர், யார் சந்தேகத்துக்குரியவர்? விசாரணைக்கு அழைக்கப்பட்ட அன்று அவர் ஒன்று. செத்த அன்று வேறொன்று. வாச்சாத்திப் பெண்கள் சேலம் சிறையில் இருந்தபோது அவர்களுக்குத் தேவைப்பட்டது குற்றம்சாட்டப்பட்டவரின் உரிமைதான்: ஒரு வக்கீல், ஜாமீன், மருத்துவரிடம் வாய் திறக்கும் உரிமை. அதை யாராவது அன்று கொடுத்திருந்தால் இந்த வழக்கு ஜூலை வரை காத்திருந்திருக்காது. ஒரே பெண் இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பெஞ்சின் காலை வெட்டி இன்னொன்றை உயர்த்த முடியாது. கண்ணகி பேசியதும் இதைத்தானே என்று இப்போது தோன்றுகிறது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். பன்னிரண்டரைக்கு டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து போனாள். மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தாள். எதிரியின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம், வாய்தா. ஒரு நாள் சம்பளம் போயிற்று.

மதியம் நானும் அவளும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்கலாம் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12 சொல்கிறது. அது குற்றம் செய்தவளுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அந்த வாரம் வரை அப்படித்தான் நினைத்தேன். அங்கிருந்த அம்மா மனுப் படிவத்தைத் தள்ளினார். வழக்கில் உங்கள் நிலை என்ன என்று ஒரு கட்டம். அவள் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினாள், எழுத்துப் பிழை இல்லாமல், ஒற்று மிகாமல் எதுவும் விடாமல். என்னிடம் படித்தவள் அல்லவா.

இரண்டு வாரம் கழித்து ஒரு இளம் வழக்கறிஞரை நியமித்தார்கள். அவர் போட்ட முதல் மனு குற்றப்பத்திரிகையின் நகல் கேட்டு. வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவள் அதை முழுக்க வாசித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் நான்கு மாதம் பின்தொடர்ந்ததாக அவள் சொல்லியிருந்தது, வாக்குமூலத்தில் 'அன்றைய தினம்' என்று சுருங்கியிருந்தது. அதைத் திருத்தச் சொல்லி மனு போட முடியுமா என்று கேட்டாள். வக்கீலைக் கேள் என்றேன். கேட்டுவிட்டாளாம், அடுத்த வாய்தா தை பதினெட்டு.